ஒரே பேரில் இரண்டு கட்டில்

நெஞ்சு வருத்தம் வந்து தப்பியவள் என்று எங்கள் பகுதியில் என்னைப் பலருக்கும் தெரியும். யாருக்காவது மாரடைப்பு என்றால் அந்த வீட்டார் என்னைத் தேடி வருவார்கள். ஊசி மருந்து ஏறும்போது எப்படி இருக்கும், பலூன் என்கிறார்களே அது வலிக்குமா என்று கேட்பார்கள். தெரிந்ததைச் சொல்லித் தைரியம் கொடுத்து அனுப்புவேன். ஒன்றை மட்டும் சொன்னதில்லை. அதையும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

எண்பதுகளின் கடைசி ஆண்டுகள் அவை. எனக்கு அப்போது நாற்பத்தாறு வயது. கல்முனைக்குடியில் ஒரு பெண்கள் பாடசாலையில் கணிதம் படிப்பித்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் காலை கரும்பலகையில் பின்னம் எழுதிக்கொண்டிருந்தபோது நெஞ்சில் ஒரு பாரம் ஏறியது. குத்தும் வலி அல்ல. யாரோ பின்னால் வந்து நின்று இரண்டு கைகளாலும் என்னைச் சுற்றி மெதுவாக இறுக்குவது போல இருந்தது. திரும்பிப் பார்த்தேன். யாரும் இல்லை. பிள்ளைகள் வாங்குகளில் அசையாமல் இருந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வாயு என்று நினைத்து வீட்டுக்குப் போய் இஞ்சித் தண்ணீர் குடித்தேன். பகல் ஆவதற்குள் உடுத்திருந்த சேலை வியர்வையில் நனைந்து ஒட்டிக்கொண்டது. கூட்டுறவுக் கடையில் மனேஜராக இருந்த என் கணவர் ஓடிவந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். ஈசிஜி எடுத்துப் பார்த்த டொக்டர் விளக்கமாகச் சொன்னார். இதயத்துக்கும் இரத்தம் வேண்டும். அதைக் கொண்டுவரும் குழாய் ஒன்றில் இரத்தம் கட்டியாகி அடைத்திருக்கிறது. அடைபட்ட இடத்துக்கு அப்பால் உள்ள சதை செத்துக்கொண்டு வருகிறது. இரத்தம் மேலும் கட்டியாகாமல் இருக்க ஹெப்பாரின் ஊசி போட்டார்கள். அஸ்பிரின் குளிசையைக் கடித்து விழுங்கச் சொன்னார்கள். வலி வந்தால் நாக்குக்கு அடியில் வைக்க ஒரு சின்னக் குளிசை தந்தார்கள். மூன்றாம் நாள் பாரம் திரும்பி வந்ததும் கொழும்புக்கு அனுப்பினார்கள்.

நான்கு பிள்ளைகளையும் என் தங்கச்சி சுலைஹாவிடம் ஒப்படைத்துவிட்டு அம்புலன்சில் புறப்பட்டோம். சண்டைக் காலம். அம்பாறை கடந்து மலைப்பாதை ஏறும்வரை எத்தனையோ இடங்களில் ஆமிக்காரர் மறித்தார்கள். மறித்த இடமெல்லாம் பின்கதவைத் திறந்து என்னைப் பார்த்தார்கள். ஓரிடத்தில் ஒருவர் சிங்களத்தில் என்னவோ கேட்க, சாரதி சிரித்துக்கொண்டு பதில் சொன்னார். என்ன கேட்டார்கள் என்று கணவரிடம் விசாரித்தேன். முதலில் சொல்ல மறுத்தார். பிறகுதான், “மையத்தா எண்டு கேக்கிறாங்க” என்றார். பிரேதம் ஏற்றிப்போகும் வண்டி என்று நினைத்திருக்கிறார்கள்.

கொழும்பில் இருதய நோயாளருக்கான அந்த அறையில் நான்கு கட்டில்கள்தான் இருந்தன. ஒவ்வொரு கட்டிலுக்கும் மேலே ஒரு பெட்டியில் பச்சைக் கோடு துள்ளித் துள்ளி ஓடும். பகலிலும் யன்னல் திறப்பதில்லை. என்னைக் கட்டிலில் ஏற்றியதும் தாதி ஒருத்தி என் பேரைக் கூப்பிட்டாள். “ஹாஜரா உம்மா.”

“ஓம்” என்றேன். அதே நேரம் பக்கத்துக் கட்டிலிலிருந்தும் “ஓம்” என்று ஒரு குரல் வந்தது.

அவவும் ஹாஜரா உம்மாதான். மன்னார்ப் பக்கத்து ஆள். என்னிலும் பன்னிரண்டு வயது மூத்தவ. கணவர் மௌத்தாகி நெடுங்காலம். ஒரே மகன் சவூதியில். ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டுப் போன அயலவர் ஊருக்குத் திரும்பிய பிறகு பாதை மூடிவிட்டது. பார்க்க வர ஒருவரும் இல்லை. என் கணவர் மருதானையில் தெரிந்தவர் வீட்டில் தங்கி, எனக்குக் கஞ்சி கொண்டுவரும்போதெல்லாம் அவவுக்கும் கொண்டுவந்தார். நான் அவவை அக்கா முறையில் ராத்தா என்றேன். அவ என்னைச் சின்ன ஹாஜரா என்றா.

இரண்டாம் நாள் அந்தக் கட்டிலிலேயே எனக்குத் திரும்பவும் அடைத்தது. இந்த முறை டொக்டர்கள் பக்கத்தில் இருந்தார்கள். முன்பு வயிற்றுப்புண் இருந்ததா, அண்மையில் எங்காவது வெட்டுக் காயம் பட்டதா என்று அவசரமாகக் கேட்டுவிட்டு, ஸ்ட்ரெப்டோகைனேஸ் என்ற மருந்தைச் சேலைனில் கலந்து ஏற்றினார்கள். குழாயில் அடைத்த இரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்து அது. கட்டியை மட்டும் தேடிப் போக அதற்குத் தெரியாது. உடம்பில் எங்கே இரத்தம் உறைந்து காயத்தை மூடியிருக்கிறதோ அங்கேயும் கரைக்கும். குளிர் பிடித்துப் பல்லெல்லாம் அடித்துக்கொண்டது. பல்முரசிலிருந்து இரத்தம் கசிந்து வாய் உப்பாகியது. முந்திய நாள் ஊசி குத்திய இடங்களிலெல்லாம் தோலுக்கடியில் நீலம் பரவியது. கையைத் தூக்கிப் பார்த்தேன். அது என் கையாகத் தெரியவில்லை.

நெஞ்சு இலேசானபோது பச்சைக்கோடு தாறுமாறாகத் துள்ளியது. வழி திறந்து இரத்தம் திரும்பவும் பாயும்போது இதயம் அப்படித்தான் குழம்புமாம். அதை அடக்க இன்னொரு மருந்து ஏற்றினார்கள். அது ஏறியதும் நாக்கு விறைத்தது. கட்டிலுக்கடியிலிருந்து யாரோ என் பேரைச் சொல்லிக் கூப்பிடுவது கேட்டது. அந்த மருந்து கூடினால் சிலருக்கு அப்படிக் குரல் கேட்கும், பயப்பட வேண்டாம் என்று தாதி சொல்லி அளவைக் குறைத்தாள். எனக்கும் ஆறுதலாக இருந்தது. ஆனால் ராத்தா கண்ணை மூடியபடியே, “எனக்கும் கேட்டிச்சு, சின்ன ஹாஜரா” என்றா. அவவுக்கு அந்த மருந்து ஏறவில்லை. நாலு நாளைக்கு முன்னர் ஸ்ட்ரெப்டோகைனேஸ் கொடுத்து, அதன் பிறகு ஹெப்பாரின் மட்டும்தான் ஏறிக்கொண்டிருந்தது.

இங்கிலாந்தில் படித்து வந்திருந்த பெரிய டொக்டர் எங்கள் இருவரின் குழாய்களையும் படம் எடுத்துப் பார்த்தார். தமிழில் நிதானமாகக் கதைக்கும் மனிதர். மருந்து கட்டியைக் கரைத்துவிட்டது, ஆனால் கட்டி பிடித்த இடத்தில் குழாய் இன்னும் ஒடுக்கமாகத்தான் இருக்கிறது என்றார். தொடையடி இரத்தக்குழாய் வழியாக மெல்லிய குழாய் ஒன்றை இதயம்வரை கொண்டுபோய், அதன் நுனியில் உள்ள பலூனை ஊதி அந்த ஒடுக்கத்தை விரிக்க வேண்டும். அது அப்போது நாட்டுக்குப் புதிது.

“பலூன் வழியத் திறக்கும். திறந்த வழி திரும்ப அடைக்காமப் பாக்கிறது மருந்து. ரெண்டும் வேணும்” என்றார்.

எங்கள் அளவுக்குப் பொருந்தும் பலூன்குழாய் அந்த வாரம் ஒன்றுதான் இருந்தது. அடுத்தது வரப் பத்து நாள் செல்லும். வயதில் மூத்தவ, முதலில் வந்தவ என்பதால் வியாழக்கிழமை ராத்தாவுக்குச் செய்வது என்று முடிவானது. பட்டியல் துண்டில் ஹாஜரா உம்மா என்று எழுதிச் சுவரில் குத்தினார்கள். படுத்தபடி அந்தப் பேரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது என் பேர்தான். ஆனால் நான் இல்லை. பத்து நாள் நான் தாங்க மாட்டேன் என்று என் உடம்பு சொன்னது. புதன்கிழமை காலை பாரம் திரும்பவும் வந்து, நாக்கடிக் குளிசை வைத்த பிறகுதான் போனது.

அன்று பகல் ராத்தாவுக்குச் சவூதியிலிருந்து மகனின் தந்தி வந்தது; வியாழக்கிழமை பலூன் என்று ஆஸ்பத்திரியிலிருந்து அவருக்கு அறிவித்திருந்தார்கள். ஆங்கிலத்தில் இருந்தது. அவவுக்குக் குர்ஆன் ஓதத் தெரியும், ஆங்கிலம் தெரியாது. கணக்கு ரீச்சர்தானே, வாசியுங்கள் என்று என்னிடம் நீட்டினா.

தந்தியில் இரண்டு வரிகள். முதல் வரி, வெள்ளிக்கிழமை வருகிறேன். இரண்டாவது வரி, எனக்காகப் பொறுக்க வேண்டாம், சிகிச்சையை உடனே செய்யுங்கள்.

நான் முதல் வரியை வாசித்தேன். நிறுத்தினேன்.

“அவ்வளவுதானா?”

“அவ்வளவுதான், ராத்தா.”

அவவின் முகம் மலர்ந்தது. வெள்ளிக்கிழமை என்றால் நாளை மறுநாள்தானே, மகனின் முகத்தைப் பார்த்துவிட்டு, அவன் கையால் கையெழுத்து வைக்கட்டும் என்றா. அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்கலாம். “ஓம், ராத்தா. மகன் வரட்டும். ரெண்டு நாள்தானே” என்றேன். டொக்டர் வந்து எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். தன் உடம்பு இப்போது சுகமாக இருக்கிறது, மகன் வராமல் மேசையில் ஏறமாட்டேன் என்று ராத்தா ஒரே பிடியாக நின்றா. கடைசியில் என் பக்கம் கையைக் காட்டினா.

“இவவக் கொண்டு போங்க. சின்னப் புள்ளையள் இருக்கு. பேரு ஒண்டுதானே, துண்ட மாத்தவும் தேவல்ல.”

துண்டை மாற்றவில்லை.

வியாழக்கிழமை என்னைத் தள்ளுவண்டியில் ஏற்றியபோது ராத்தா கட்டிலில் சாய்ந்திருந்து எனக்காக ஓதி ஊதினா. நான் அவவின் முகத்தைப் பார்க்கவில்லை.

அந்த அறையில் ஏசி குளிர். தொடையடியில் மட்டும் விறைக்க ஊசி போட்டார்கள். நான் விழித்தே இருந்தேன். குழாய் உள்ளே போவது தெரியவில்லை. நிறமருந்து செலுத்தும்போது மட்டும் உச்சந்தலை முதல் உள்ளங்கால்வரை சூடு பாயும். அப்போது திரையில் ஒரு கறுப்பு நூல் கிளைவிட்டுத் தெரியும். மூச்சை விடுவதற்குள் அழிந்துவிடும். அதுதான் என் இதயக்குழாய் என்றார் டொக்டர். பலூனை ஊதும்போது இரத்தம் கொஞ்ச நேரம் நிற்கும், நெஞ்சு வலிக்கும், பயப்படாமல் சொல்லுங்கள் என்றார். வலித்தது. சொன்னேன். பலூனைச் சுருக்கினார்கள். இரண்டாம் முறை ஊதினார்கள். நான் சொல்ல வாயெடுத்தபோது வாய் இல்லை.

அடுத்து நடந்ததை உள்ளபடியே எழுதுகிறேன். பாயில் பல பேர் கால் மாற்றி நிற்கும் சத்தம் கேட்டது. வரிசை வரிசையாக ஆண்கள் நின்றார்கள். முகம் தெரியவில்லை; முதுகுதான் தெரிந்தது. தொழுகிறார்கள் என்று விளங்கியது. ஆனால் ஒருவரும் ருகூஉக்குக் குனியவில்லை, சுஜூதுக்கு நெற்றியை நிலத்தில் வைக்கவில்லை. நின்றபடியே நின்றார்கள். இது என்ன தொழுகை என்று யோசித்தேன். நெஞ்சில் மாடு உதைத்தது போல ஒரு அடி விழுந்தது. கண்ணைத் திறந்தேன். டொக்டரின் நெற்றியில் வியர்வை. இதயம் துடிக்காமல் நடுங்கத் தொடங்கியதால் மின்சாரம் கொடுத்ததாகச் சொன்னார். சுவர்மணிக்கூட்டில் நாலு மணி ஆகப்போனது.

அதன் பிறகு வேறொரு அறையில், தொடைமேல் மணல்மூட்டை வைத்து, காலை மடக்காமல் மறுநாள்வரை படுத்திருந்தேன். ஹெப்பாரின் ஏறிக்கொண்டே இருந்தது. தொடை முழுவதும் கறுத்துப்போனது. வெள்ளிக்கிழமை என்னைப் பழைய கட்டிலுக்குக் கொண்டுவந்தபோது பக்கத்துக் கட்டிலில் புது விரிப்பு விரித்திருந்தது. முதல்நாள் அந்தியில், மஃரிபுக்குப் பிறகு ராத்தா மௌத்தாகிவிட்டா. மருந்து திறந்த வழி திரும்ப அடைத்துவிட்டதாம். ஜும்ஆத் தொழுகைக்குப் பிறகு கொழும்பிலேயே அடக்கினார்கள். என் கணவர் போய் மண் போட்டுவிட்டு வந்தார்.

முந்தியே பலூன் செய்திருந்தால் இருந்திருப்பாவா என்று டொக்டரிடம் கேட்டேன். அதை ஒருவராலும் சொல்ல முடியாது என்றார். மேசையிலேயே போனவர்களும் உண்டு என்றார்.

மகன் வெள்ளிக்கிழமை இரவு விமானத்தில் இறங்கி, சனிக்கிழமை காலை உம்மாவின் பையை எடுக்க வந்தார். செருப்புச் சத்தம் கேட்டதும் நான் கண்ணை மூடிக்கொண்டேன். அவர் பையை எடுத்தார். போகவில்லை. என் கட்டிலின் கால்மாட்டில் வந்து நின்றார். அங்கே தொங்கிய அட்டையில் அவருடைய உம்மாவின் பேர் இருந்தது. அவர் போகும்வரை நான் தூங்குபவளைப் போல மூச்சு விட்டுக்கொண்டிருந்தேன்.

அன்று பகல்தான் என் கணவருக்குக் கல்முனைத் தபால் கந்தோருக்குத் தொலைபேசி இணைப்புக் கிடைத்தது. மூத்த மகளைக் கூப்பிட்டு அனுப்பி, உம்மா சுகமாக இருக்கிறா என்று சொன்னார். அதை நம்பாமல் அவள் கேட்டாளாம், “வாப்பா, மையத்த எப்ப கொணருவீங்க?”

நான் மௌத்து என்று ஊரில் பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் அறிவித்துவிட்டார்கள். ஊரடங்கு நேரம், மையத்தைக் கொண்டுவர வழியில்லை என்று நினைத்து, மையத்து இல்லாமலே தொழும் காயிப் ஜனாஸாத் தொழுகையையும் தொழுதுவிட்டார்கள்.

இரண்டு வாரம் கழித்து ஊருக்கு வந்தேன். வாசலில் சுலைஹா என் பச்சைச் சேலையைக் கட்டியபடி நின்றாள். என் மற்றச் சேலைகளை மூன்றாம் நாள் ஓதிய கத்தத்தோடு ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டார்கள். அவள் அழுதுகொண்டே என் மணிக்கட்டைப் பிடித்து நாடியைப் பார்த்தாள். வந்த பெண்கள் எல்லோரும் ஏதோ ஒரு சாக்கில் என்னைத் தொட்டுப் பார்த்தார்கள். சூடு இருக்கிறதா என்று பார்க்கிறார்கள் என்பது விளங்கியது. என் கடைசி மகன் இரண்டு நாள் என்னிடம் வரவில்லை. கொடுத்த சேலைகளை நான் திரும்பக் கேட்கவில்லை. இப்போதும் நினைத்தால் உடம்பு கூசும்: சந்தைக்குப் போனால் எனக்கு முன்னால் என் சேலை நடந்து போகும்.

பேர்க் குழப்பத்தால் வந்த பிழை என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். பிறகு, தொழுகை எப்போது நடந்தது என்று கேட்டேன். வியாழக்கிழமை அஸருக்குப் பின், நாலு மணிபோல என்றார்கள். செய்தியைக் கொண்டுவந்தவர் கொழும்புக்கு அரிசி ஏற்றும் எங்கள் ஊர் லொறிக்காரர் மஜீது. அவரை வீட்டுக்கு அழைத்துக் கேட்டேன்.

“புதன்கிழமை பகல், ரீச்சர். பாக்கிற நேரம் முடிஞ்சிட்டு எண்டு உள்ள விடல்ல. வாசல்ல நிண்ட மனிசனிட்ட உங்கட பேரச் சொல்லிக் கேட்டன். அந்த மனிசன் ஓம், மௌத்து எண்டாரு. நான் பொய் சொல்லல்ல.”

“நாள் பிழைச்சிருக்கலாம்.”

“இல்ல. வியாழன் விடியத்தான் லொறி ஊருக்கு வந்த. ஊரே பாத்தது.”

நான் கணக்குப் படிப்பிக்கிறவள். எப்படிக் கூட்டிப் பார்த்தாலும் ஒரே விடைதான் வந்தது. புதன்கிழமை பகல் அந்த ஆஸ்பத்திரியில் ஹாஜரா உம்மா என்ற பேரில் ஒருத்தியும் மௌத்தாகவில்லை. இரண்டு பேரும் உயிரோடு இருந்தோம். ஒருத்தியின் கையில் தந்தி இருந்தது. வியாழன் அஸருக்கு எங்கள் பள்ளிவாசலில் வரிசையாக நின்று, குனியாமல், ஜனாஸாத் தொழுகை தொழுதபோதும் இரண்டு பேரும் உயிரோடுதான் இருந்தோம். வாசலில் நின்றவர் வேறு யாரையாவது நினைத்துச் சொல்லியிருப்பார் என்று என் கணவர் சொன்னார். இருக்கலாம். அதற்கு மேல் நான் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை.

மூன்று மாதம் கழித்து, ஒரு பின்னேரம், ராத்தாவின் மகன் வந்தார். பாதை திறந்ததும் மன்னாருக்குப் போய் உம்மாவின் வீட்டைப் பூட்டிவிட்டு, ஆஸ்பத்திரியில் முகவரி வாங்கிக்கொண்டு வந்திருந்தார். முப்பது வயது இருக்கும். உம்மாவைப் போலவே சாய்ந்து இருந்தார். என்னைச் சின்னம்மா முறையில் சாச்சி என்று கூப்பிட்டார். என் கணவர் கடையில் இருந்தார். மகள் தேத்தண்ணீர் வைத்துவிட்டு உள்ளே போனாள். உம்மா என்ன சாப்பிட்டா, என்ன கதைத்தா, வலியில் அழுதாவா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். உம்மாவுக்காக ஊராரில் ஒருவர்கூட ஜனாஸாத் தொழவில்லை என்று அவர் சொன்னபோது, எங்கள் பள்ளிவாசலில் ஹாஜரா உம்மா என்று பேர் சொல்லித் தொழுததைச் சொன்னேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டார்.

பிறகு சட்டைப்பையிலிருந்து மடித்த கடதாசி ஒன்றை எடுத்து விரித்தார்.

“இந்தத் தந்தி உம்மாட பைக்குள்ள இருந்திச்சு. பொறுக்க வேணாமெண்டு எழுதித்தானே அடிச்சன். ஏன் பொறுத்தா, சாச்சி? உம்மாக்கு இங்கிலீஸ் தெரியாது. ஆரு வாசிச்சிக் குடுத்த?”

தாதி என்று சொல்லியிருக்கலாம். அவர் நம்பியிருப்பார்.

“நான்தான் வாசிச்சன், மகன்” என்றேன். “ரெண்டாவது வரிய வாசிக்கல்ல.”

அவர் தந்தியைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை. வெளியே வேலி ஓலை காற்றில் உரசிக்கொண்டிருந்தது.

“பயத்திலயா?”

“ஓம்.”

மாலைக் குளிசை நேரம். இங்கே நடந்தது ஒன்றும் தெரியாமல் மகள் வந்து, அஸ்பிரினையும் தண்ணீரையும் என் கையில் தந்துவிட்டுப் போனாள். அவருக்கு முன்னால் அதை வாயில் போட எனக்கு மனம் வரவில்லை. மடியில் வைத்துக்கொண்டு இருந்தேன்.

“குடிங்க” என்றார்.

குடித்தேன். அது இறங்கி முடியும்வரை என் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். தந்தியை முன்பு இருந்த மடிப்பிலேயே மடித்துப் பைக்குள் வைத்து எழும்பினார்.

“ஒரு நாளும் விடாமக் குடிங்க, சாச்சி. உம்மாட பேரு இன்னும் கொஞ்ச நாள் இருக்கட்டும்.”

சலாம் சொல்லாமல் இறங்கிப் போனார்.